எலித்தோல் காட்டிய பக்

கெரட்டின்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? பார்லர்ல பண்ற ஹேர் ட்ரீட்மென்ட்தானே? எனக்கும் அப்படித்தான். பத்தாவதோட பயாலஜிக்கு டாட்டா காட்டிட்டு கம்ப்யூட்டர் பக்கம் வந்தவன் நான். ஆனா கெரட்டின் முடியில மட்டும் இல்லை. நம்ம உடம்பில் 50-க்கும் மேற்பட்ட கெரட்டின் ஜீன்கள் இருக்கின்றன. அதில் ஒன்றுதான் இன்றைய கதை: கெரட்டின் 14.

நம்ம மேல்தோலின் அடி அடுக்கில் இருக்கிற செல்கள்தான் பிரிந்து பிரிந்து புதுத் தோலை உண்டாக்குகின்றன. அந்தச் செல்களுக்குள்ளே கெரட்டின் 5-ம் 14-ம் ஜோடி சேர்ந்து, கயிறு மாதிரி முறுக்கிக்கிட்டு ஒரு வலையே பின்னி வச்சிருக்கும். சரி, அந்த வலை எதுக்கு?

ஒரு பழைய கோடு என்ன பண்ணுதுன்னு புரியலைன்னா, டெஸ்ட் சர்வர்ல அதை வேணும்னே கெடுத்துப் பார்ப்போம் இல்லையா? சிகாகோ பல்கலைக்கழகத்தில் எலைன் ஃபுக்ஸ் குழுவும் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தது. ஒரு பகுதி வெட்டப்பட்ட கெரட்டின் 14 ஜீனை எலிகளுக்குள் சேர்த்தார்கள். எலியோட சொந்த ஜீன் நல்லாத்தான் இருந்தது. ஆனாலும் லேசா உரசினாலே தோல் கொப்புளித்தது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், அடி அடுக்குச் செல்களே கிழிந்திருந்தன. ஆக, அந்த வலைதான் செல்லைக் கிழியாமல் தாங்கிப் பிடிக்குது.

அந்தக் கொப்புளங்களை மருத்துவர்கள் ஏற்கெனவே மனிதர்களிடம் பார்த்திருந்தார்கள். எபிடெர்மோலிசிஸ் புல்லோசா சிம்ப்ளெக்ஸ் என்ற பரம்பரை நோய். கடுமையான வகையில், குழந்தையைத் தூக்கினாலே கொப்புளம் வரும். எலி ஆய்வு வெளியான அதே 1991-ல், இரண்டு நோயாளிகளிடம் பிழையையும் கண்டுபிடித்தார்கள். கெரட்டின் 14-ன் 125-வது அமினோ அமிலம் மாறியிருந்தது. டிஎன்ஏ-வில் ஒரே ஒரு எழுத்துப் பிழை!

அப்போ நல்ல ஜீனை உள்ளே போட்டா சரியாயிடுமா? ஆகாது. இந்த நோயாளிகளிடம் நல்ல பிரதி ஒன்று ஏற்கெனவே இருக்கு. பழுதான புரதமும் கயிற்றில் கலந்துவிடுவதுதான் சிக்கல். அதனால கெட்ட பிரதியை அடக்கணும், இல்லைன்னா அந்த எழுத்தையே திருத்தணும். முழுசா குணப்படுத்தும் சிகிச்சை இன்னும் வரலை. இன்றைக்கும் அந்தக் குழந்தைகளுக்குப் புண்ணைப் பராமரிப்பதுதான் முக்கிய வைத்தியம்.

பக் எந்த வரியில இருக்குன்னு தெரிஞ்சு 30 வருஷத்துக்கு மேல ஆச்சு. பேட்ச்சுக்குத்தான் காத்திருக்காங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்!