எலி யாருடையது?



எலியைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று சிலர் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். ஆனால் பெரும் பணக்காரப் பட்டணமாகிய நியூயார்க்கு, இந்த அற்பப் பிராணிக்கென்றே 2023-ல் தனியாக ஓர் உத்தியோகஸ்தரை நியமிக்க வேண்டி வந்ததென்றால், விஷயம் சிரிப்புக்குரியதல்ல என்பதை ஒப்புக்கொள்வீர்கள்.

அவ்வூரில் வானளாவிய மாளிகைகள் உண்டு. பூமிக்கடியில் ரயில் ஓடுகிறது. குப்பை விஷயத்தில் அவர்கள் யோக்கியதை என்ன? 1968-ல் குப்பை அள்ளும் தொழிலாளர்கள் 9 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதையொட்டிப் பிளாஸ்டிக் பை வழக்கத்துக்கு வந்தது. மூடி போட்ட தகரத் தொட்டி போய், எச்சில் சோறும் எலும்பும் பைகளில் கட்டப்பட்டு இரவெல்லாம் நடைபாதையில் கிடந்தன. மனிதன் உறங்கும் நேரத்தில் எலிக்கு விருந்து! பெட்டை எலி சினைப்பட்ட மூன்றே வாரத்தில் குட்டி போடும். அக்குட்டிகளும் மூன்று மாதத்துக்குள் ஈனத் தயாராகிவிடும்.

விஷம் வைத்தால் தீராதா என்பீர்கள். அமெரிக்காவிலேயே பால்டிமோர் என்னும் நகரத்தில் டேவிட் டேவிஸ் முதலிய ஆராய்ச்சியாளர்கள் 1940-களில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். விஷம் வைத்த இடத்தில், தப்பிய எலிகள் மிச்சத் தீனியைத் தின்று நாளடைவில் பழைய கணக்குக்கே பெருகிவிட்டன. தீனியையும் பதுங்குமிடத்தையும் அகற்றிய இடத்திலோ குறைந்தது குறைந்தபடியே நின்றது. இன்னொன்றும் கண்டார்கள். ஊர் எலி வளையைவிட்டு வெகுதூரம் போவதில்லை. தெருவைத் தாண்டுவது அபூர்வம். நான்கு தெருக்களுக்கு நடுவேயுள்ள வீடுகள் எல்லாம் சேர்ந்ததுதான் அதற்கு ஊர். நாம் சுவரை எல்லையாக நினைக்கிறோம். எலி அப்படி நினைப்பதில்லை. 20 வீட்டார் துப்புரவாயிருந்து, ஒருவர் மட்டும் கொல்லையில் எச்சிலைக் கொட்டினால் 20 வீட்டுக்கும் எலி வரும். இதில் "என் வீடு சுத்தம்" என்று பெருமை பேசி என்ன பயன்?

காசைக் கொடுத்து ஆளை வைத்துப் பிடிக்கலாமே என்பவரும் உண்டு. பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஹானோய் நகரில் 1902-ல் எலி வாலுக்குக் காசு என்றார்கள். வால்கள் குவிந்தன. ஆனால் வாலில்லாத எலிகளும் தெருவில் ஓடின! வாலை மட்டும் அறுத்துக்கொண்டு எலியை விட்டுவிட்டார்கள். சிலர் எலி வளர்க்கவே தொடங்கிவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்வானேன்? எலி ஒழிந்தால் வரும்படி ஒழியுமே!

நியூயார்க்குக்காரருக்கு இப்போதுதான் புத்தி வந்தது. 2023 முதல் குப்பைப் பையை இரவு 8 மணிக்கு முன் தெருவில் வைக்கக்கூடாது. 2024 நவம்பர் முதல் 9 குடித்தனம் வரையுள்ள கட்டிடங்களுக்கு மூடியுள்ள தொட்டி கட்டாயம். எலியைத் தடுக்கும் வழியைச் சுகாதார இலாகா ஜனங்களுக்கு இலவசமாகக் கற்றுக்கொடுக்கிறது.

ஒன்று சொல்லவேண்டும். பொதுப் பொறுப்பு என்றவுடன், ஏழைகள் குடியிருக்கும் வீடுகளைக் காட்டி, "இவர்கள் அசுத்தக்காரர்கள்" என்று சொல்லச் சில பெரிய மனிதர்கள் காத்திருக்கிறார்கள். சுவரிலுள்ள ஓட்டையை அடைக்கக் குடித்தனக்காரனுக்கு அதிகாரம் உண்டா? தொட்டி வாங்கி வைப்பவன் யார்? எலியின் மூத்திரத்தால் வரும் காய்ச்சலோ வாடகை கொடுப்பவனைத்தான் முதலில் பிடிக்கிறது. அதனால்தான் அந்நகரத்தார் 2018-ல் செய்த சட்டத்தில், பல குடித்தனங்கள் உள்ள கட்டிடத்தில் எலி, கரப்பான் இல்லாமல் பார்த்துக்கொள்ளும் கடமையைச் சொந்தக்காரன் தலையில் வைத்தார்கள். குடித்தனக்காரர்கள் தனித்தனியே முறையிடாமல் எல்லோருமாகச் சேர்ந்து கையெழுத்திட்டுக் கேட்டால், அந்தக் கடமையை அவன் தட்டிக் கழிப்பது கஷ்டம்.