வாங்கிய நூலா, வாடகை நூலா?



கல்லூரி மாணவர்களின் பை இலேசாகிவிட்டது. கனத்த பாடநூல்கள் இருந்த இடத்தில் இன்று ஒரு மடிக்கணினி இருக்கிறது. தோள்வலி குறைந்தது நல்லதே. கூடவே வேறு எது குறைந்தது என்பதையும் பார்க்க வேண்டாமா?

உலகின் பெரிய பாடநூல் பதிப்பகங்களில் ஒன்றான பியர்சன், 2019 ஜூலையில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அமெரிக்காவில் அது விற்ற 1,500 பாடநூல்கள் இனி முதலில் மின்னூலாகவே புதுப்பிக்கப்படும் என்பது அந்த அறிவிப்பு. 2019-இல் மின்னூலின் சராசரி விலை 40 டாலராக இருந்தது. அச்சு நூல் வேண்டியோர் சராசரியாக 60 டாலர் கொடுத்து வாடகைக்கு எடுக்க முடிந்தது. ஒரே நூலுக்கு இருநூறு டாலருக்கு மேல் கொடுத்துப் பழகிய பெற்றோருக்கு அது நற்செய்தியாகத்தான் இருந்தது. பிழைகளை உடனே திருத்தலாம். எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம். தேவையான சொல்லை நொடியில் தேடலாம். இந்த நன்மைகளை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் அந்த 40 டாலருக்கு மாணவர் பெற்றது நூலா, நூலைப் பார்ப்பதற்கான அனுமதியா?

அச்சு நூலின் நிலை என்ன? அமெரிக்காவில் படித்த தாய்லாந்து மாணவர் ஒருவர், தம் நாட்டில் மலிவாக விற்ற பாடநூல்களைக் குடும்பத்தார் மூலம் வரவழைத்து அங்கே விற்றார். வைலி பதிப்பகம் அவர்மீது வழக்குத் தொடுத்தது. கீழ் நீதிமன்றங்களில் தோற்ற அந்த மாணவர், 2013 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். முறைப்படி அச்சிட்டு விற்கப்பட்ட நூலை, அது எந்த நாட்டில் அச்சானாலும், வாங்கியவர் மறுபடி விற்கலாம் என்றது தீர்ப்பு.

மின்னூல் வாங்கியவருக்கு இந்த உரிமை பெரும்பாலும் இல்லை. அண்ணன் படித்ததைத் தம்பிக்குக் கொடுக்க முடியாது. பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்கும் கிடைக்காது. மைக்ரோசாப்ட் 2019-இல் தன் மின்னூல் கடையை மூடியபோது, வாங்கியவர்களின் நூல்கள் திறக்காமல் போயின. பணம் திரும்பக் கிடைத்தது. ஓரக்குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் கிடைத்தது. குறிப்புகளோ போய்விட்டன. ஏழை மாணவருக்கு இது சிறிய இழப்பா?

படிப்பின் ஆழத்தையும் எண்ண வேண்டும். 54 ஆய்வுகளையும் 170,000-க்கு மேற்பட்ட வாசகர்களையும் ஒருசேர ஆராய்ந்த ஆய்வுக் கட்டுரை ஒன்று 2018-இல் வெளிவந்தது. கதை படிப்பதில் தாளுக்கும் திரைக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. தகவல் நிறைந்த பாடங்களில், அதுவும் நேர நெருக்கடியில் படிக்கும்போது, தாளில் படித்தவர்களே கூடுதலாகப் புரிந்துகொண்டனர். தேர்வுக்கு முதல் நாள் இரவு படிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அதற்காகத் திரையை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் 2012 முதல் கல்லூரிப் பாடநூல்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. அவற்றைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளலாம். கடினமான அத்தியாயத்தை மட்டும் அச்சிட்டும் படிக்கலாம். மின்னூலும் மாணவரின் கையில் நிலைக்க முடியும் என்பதற்கு இது சான்று.

எனவே மாணவர்கள் பணம் கட்டுமுன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். இந்த நூல் எத்தனை மாதம் திறக்கும்? எழுதிய குறிப்புகளை எடுத்து வைத்துக்கொள்ளலாமா? நூலகத்தில் அச்சுப் பிரதி உண்டா? விடை தெரிந்த பிறகு வாங்கட்டும்.