தாங்கிக்குள் தேங்கும் தண்ணீர்
(மன்னார்க் கரைக்கு வேலைக்கு வந்திருக்கும் தோட்டத்துப் பிள்ளைகளிடம் பேசியது)



தலைமன்னார் நம்ம சனங்களுக்குப் புது ஊர் இல்லை. 1914ஆம் ஆண்டு தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பல் ஓடத் தொடங்கியபின், நம்ம பாட்டன் பூட்டன் பலபேர் வந்திறங்கிய கரை இது. இன்றைக்குப் பிள்ளைகள் இங்கே வருவது வேறு வேலைகளுக்கு: டயர்க் கடை, லொறி கராஜ், பெயின்ட் அடிக்கிற பட்டறை, கடலட்டையும் சங்கும் எடுக்கிற சுழியோடிகளுக்கு சிலிண்டர் நிரப்புகிற இடம். இவை எல்லாவற்றுக்கும் பொதுவான மெசின் ஒன்று உண்டு. அதுதான் கொம்பிரசர். அதன் வயிற்றுக்குள் சேர்கிற தண்ணியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறோம்.

"காத்துத்தானே அடிக்கிறோம், தண்ணி எங்கேயிருந்து வருது?" என்று பல பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. தண்ணி காற்றோடேயே வருகிறது, கண்ணுக்குத் தெரியாத ஆவியாக. நனைந்த துணியைப் பிழிந்தால் தண்ணி சொட்டுகிற மாதிரி, காற்றை நெருக்கி ஆறவிட்டால் அதிலுள்ள ஈரம் சொட்டாக விழும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். நுவரெலியாக் குளிரில், 16 பாகை வெப்பத்தில், ஒரு கன மீற்றர் காற்று ஏறக்குறைய 14 கிராம் தண்ணிக்கு மேல் தாங்காது. மன்னாரில் 30 பாகை என்றால் அதே காற்று 30 கிராம் வரை தாங்கும். கடல் சூழ்ந்த தீவு, ஈரத்துக்குப் பஞ்சமில்லை. நூற்றுக்கு எண்பது பங்கு ஈரம் இருக்கிற நாளில் ஒரு கன மீற்றரில் 24 கிராம் இருக்கும். டயர்க் கடை கொம்பிரசர் எட்டு கன மீற்றர் காற்றை ஒன்றாக நெருக்குகிறது. 190 கிராமுக்கு மேல் தண்ணி உள்ளே போகிறது. ஆறினபிறகு 30 கிராம்தான் ஆவியாக நிற்கும். மிச்சம் 160 கிராம் தண்ணியாகிவிடும். நிமிஷத்துக்கு 300 லீட்டர் இழுக்கிற மெசின் எட்டு மணித்தியாலம் ஓய்வில்லாமல் ஓடினால் மூன்று லீட்டர் அளவு தண்ணி! பாதி நேரம் ஓடினாலும் ஒன்றரை லீட்டர். மலையில் பழகின கைக்கு இது புதுசாக இருக்கும்.

இந்தத் தண்ணி சும்மா கிடக்காது. தாங்கியின் அடித்தகட்டை உள்ளுக்குள்ளேயே துரு தின்னும். வெளியில் பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே தகடு கடதாசி மாதிரி மெலிந்திருக்கும். ஒருநாள் வெடித்தால் பக்கத்தில் நிற்கிறவன் உயிருக்கே ஆபத்து. மலையில் நம்ம ஸ்டோரிலும் காம்பை நிறம் பார்த்துப் பிரிக்கிற மெசின் காற்றை ஊதித்தான் காம்பைத் தள்ளுகிறது. அந்தக் காற்றில் ஈரம் வந்தால் வால்வும் கெடும், தூளும் கெடும்.

சரி, என்ன செய்வது?

முதலாவது, தாங்கியின் அடியில் இருக்கிற சின்ன வால்வை வேலை முடிந்ததும் தினமும் திறந்துவிடுங்கள். மெசினை நிறுத்தி, ஒதுங்கி நின்று, மெதுவாகத் திறக்கவேண்டும். முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். வருகிற தண்ணியில் எண்ணெய் கலந்திருக்கும். அதை மணலில் ஊற்றாமல் ஒரு கேனில் பிடியுங்கள். மன்னார்த் தீவின் கிணற்று நீர் மணலுக்குக் கீழே கொஞ்ச ஆழத்தில்தான் நிற்கிறது.

இரண்டாவது, குழாயைச் சற்றுச் சரிவாகப் போட்டு, கிளைக் குழாயை மேற்பக்கத்திலிருந்து எடுங்கள். தண்ணி அடியோடு ஓடிவிடும், காற்று மட்டும் கிளைக்கு வரும்.

மூன்றாவது, பெயின்ட் வேலைக்கும் ஸ்டோர் மெசினுக்கும் இது போதாது. காற்றை மூன்று பாகை அளவுக்குக் குளிரவைத்து ஈரத்தைப் பிரிக்கிற உலர்த்தி வேண்டும். இன்னும் வறண்ட காற்று வேண்டுமானால் சிலிக்கா ஜெல் போன்ற, ஈரத்தை உறிஞ்சும் மணிகள் நிரப்பிய உலர்த்தி உண்டு.

சிலிண்டர் நிரப்புகிற பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு சொல். 1905ஆம் ஆண்டுப் பெரிய முத்துக்குளிப்பில் சுழியோடிகள் கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து, மூச்சை அடக்கி இறங்கினார்கள். இப்போது இறங்குகிறவன் நீங்கள் நிரப்பிக் கொடுத்த காற்றைத்தான் சுவாசிக்கிறான். இங்கே அழுத்தம் 200 மடங்கு. நிரப்பும்போதே பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு ஒருதரம் தண்ணியை வெளியேற்றவேண்டும். வடிகட்டியின் மணிகளையும் கரியையும் குறித்த மணித்தியாலத்தில் மாற்றவேண்டும். ஈரம் தங்கின இரும்புச் சிலிண்டரை நெடுநாள் மூடி வைத்தால், துரு உள்ளே இருக்கிற ஒட்சிசனையே தின்றுவிடும். அந்தக் காற்றை நம்பி இறங்குகிறவன் கடலடியில் மயங்குவான்.

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் காற்றுத் தாங்கிகளையும் விட்டுவைக்கவில்லை. தகுதியுள்ளவர் அவற்றைப் பரிசோதிக்கவேண்டும். "இந்தத் தாங்கியை எப்போ பார்த்தாங்க?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பது குற்றமில்லை, உங்கள் உரிமை.

"அது நம்ம வேலை இல்லை" என்று ஒவ்வொருவரும் விட்டுவிட்டால், அந்த வால்வு வருஷக்கணக்கில் திறக்கப்படாமல் துருப்பிடித்து இறுகிவிடும். ஆகவே யார் திறப்பது என்று நாளைக்கே பேசி முடிவுபண்ணி, பெயரை எழுதித் தாங்கிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். ஒரு நிமிஷ வேலை. ஒரு குடும்பத்தின் சோறு அதில் இருக்கிறது.