பாணும் இல்லை, பருப்பும் இல்லை: யூதரின் பாஸ்காவில் மரக்கறிச் சமையல்

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் பேச்சாளர் இல்லை. ஏ.எல். வரை படித்தேன், இப்போது பாண் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு மொழி சொல்லித்தர வருகிற யூதக் குடும்பத்தார் பாஸ்கா விருந்துக்கு எங்களை அழைத்திருக்கிறார்கள். அவர்களில் சிலர் இறைச்சி, மீன் தொடாதவர்கள். "வெறுங்கையோட போறதே? என்ன சமைச்சுக்கொண்டு போவம்?" என்று நீங்கள் கேட்டதால்தான் என்னைப் பேசச் சொன்னார்கள். நான் சொல்லப்போவது, என்னோடு வேலை செய்கிற, மரக்கறி மட்டும் சாப்பிடுகிற ஒரு யூத அக்காவிடம் கேட்டும், அவவின் குசினியில் நின்று பார்த்தும் அறிந்தவை.

முதலில் பாஸ்கா என்றால் என்ன? எகிப்தில் அடிமைகளாய் இருந்தவர்கள் விடுதலையாகி வெளியேறியதை நினைக்கும் நாள். இஸ்ரேலில் 7 நாட்கள். வெளிநாடுகளில் பெரும்பாலும் 8 நாட்கள். 2025இல் அது ஏப்ரல் 12 மாலை தொடங்கியது. எங்கள் புத்தாண்டு ஏப்ரல் 14 அதற்குள்ளேயே வந்தது. குழைத்த மா புளிக்கும்வரை காத்திருக்க நேரமில்லாமல், புளியாத அப்பத்தோடு புறப்பட்டார்கள் என்பது கதை. 1995 ஒக்டோபர் 30இல் அடுப்பில் இருந்த பானையை அப்படியே விட்டுவிட்டு யாழ்ப்பாணத்தால் வெளிக்கிட்ட எங்கட சனத்துக்கு அந்த அவசரத்தை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அதனால் அந்த நாட்களில் கோதுமை, பார்லி, றை, ஓட்ஸ், ஸ்பெல்ட் என்ற ஐந்து தானியங்களில் புளித்தது எதுவும் வீட்டில் இருக்கக்கூடாது. பாண், பிஸ்கற், நூடில்ஸ், பியர் எல்லாம் வெளியே. சாப்பிடலாமென்று உள்ளது மாட்சா என்ற தட்டையான அப்பம். அதுவும் கோதுமை மாதான். ஆனால் மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து 18 நிமிடத்துக்குள் சுட்டு முடிக்கவேண்டும். எங்கட தொழிற்சாலையில் மா பொங்கட்டும் என்று காத்திருப்பம். அங்கே பொங்கமுதல் ஓடுகிறார்கள்!

இனித்தான் மரக்கறிக்காரருக்குச் சிக்கல். கிழக்கு, மத்திய ஐரோப்பாவிலிருந்து வந்த அஷ்கெனாசி யூதர் அரிசி, பருப்பு, பயறு, கடலை, சோளம், எள்ளு, கடுகு இவற்றையும் பாஸ்காவில் விலக்குவார்கள். கித்னியோத் என்று பெயர். சாக்கிலும் வயலிலும் தானியத்தோடு கலந்துவிடும், மாவாக்கினால் வித்தியாசம் தெரியாது என்ற பயத்தால் பல நூற்றாண்டுகளுக்கு முன் வந்த வழக்கம். ஸ்பெயின், வட ஆபிரிக்கா, மத்திய கிழக்கு வழிவந்தவர்களில் பலர் அரிசியை மூன்று தரம் தெரிந்து பார்த்துச் சமைப்பார்கள். அமெரிக்காவில் கொன்சர்வேட்டிவ் பிரிவின் சட்டக்குழு 2015இல் கித்னியோத்தை எல்லோருக்கும் அனுமதித்தது. ஓர்தோடொக்ஸ் அஷ்கெனாசிகள் இன்றும் விலக்குகிறார்கள். ஆகவே முதலில் கேட்கவேண்டிய கேள்வி: "நீங்கள் அரிசி, பருப்பு எடுப்பீர்களா?"

அவை இல்லாமல் எப்படி வயிறு நிரப்புவது? முட்டை, பாற்கட்டி, வால்நட், பாதாம், உருளைக்கிழங்கு, காளான், கத்தரிக்காய். கீன்வா என்ற விதையைப் பாஸ்கா முத்திரையோடு விற்கிறார்கள். பலர் எடுப்பார்கள், சிலர் எடுக்கமாட்டார்கள். இறைச்சியையும் பாலையும் சேர்க்கக்கூடாது என்பது அவர்களின் ஆண்டு முழுவதுக்குமான சட்டம். இறைச்சியே இல்லாத மேசையில் அந்தக் கவலை இல்லை. பாற்கட்டியைத் தாராளமாகப் போடலாம்.

அக்கா செய்கிற இரண்டைச் சொல்லுகிறேன். ஒன்று உருளைக்கிழங்குக் குகல். ஒரு கிலோ கிழங்கையும் இரண்டு வெங்காயத்தையும் துருவி, தண்ணீரை நன்றாகப் பிழிந்து, 4 முட்டை, கால் கப் எண்ணெய், உப்பு, மிளகு சேர்த்து, 190 பாகை செல்சியசில் ஒரு மணித்தியாலம் மேல் பொன்னிறமாகும்வரை அவணில் வைக்கவேண்டும். மற்றது ஹரோசெத். 3 அப்பிளைச் சிறிதாய் வெட்டி, ஒரு கப் வால்நட், ஒரு தேக்கரண்டி கறுவாத்தூள், கொஞ்சம் முந்திரிகைச் சாறு சேர்த்தால் முடிந்தது. அடிமைகள் செங்கல் கட்டக் குழைத்த சாந்தின் அடையாளம் அது. முட்டை சாப்பிடாத எங்கட ஆட்களுக்கும் ஏற்றது.

விருந்துத் தட்டில் வழக்கமாக ஆட்டெலும்பு ஒன்று வைப்பார்கள். மரக்கறிக்காரர் அதற்குப் பதிலாகப் பீற்றூட் வைக்கிறார்கள். இது நேற்றுக் கண்டுபிடித்தது அல்ல. அந்த இரவுக்குரிய இரண்டு சமைத்த உணவுகளாகப் பீற்றும் அரிசியும் போதும் என்று ராவ் ஹுனா என்ற அறிஞர் சொன்னதாகத் தல்மூதிலேயே இருக்கிறது.

இப்போது எங்கள் கறிகள். தாளிதத்தில் கடுகு போகும், அது கித்னியோத். வெந்தயமும் அப்படித்தான். கடையில் வாங்குகிற பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மா கலந்திருக்கும். பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். கறித்தூளில் என்னென்ன அரைபட்டிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? தேங்காய்ப்பால், பச்சை மிளகாய், வெங்காயம் போட்டு வைக்கிற கிழங்குப் பாற்கறி மட்டும் நெருங்கி வருகிறது. அதற்கும் தேங்காய்ப்பால் பாஸ்கா முத்திரை உள்ள ரின்னாக இருக்கவேண்டும்.

ஆனால் முக்கியமான விசயம் இதுதான். கண்டிப்பாய் அனுட்டிக்கிறவர்கள் எங்கட சட்டியில் சமைத்ததைச் சாப்பிடமாட்டார்கள். என்னத்தைப் போட்டுச் சமைத்தாலும் சரி. அந்தச் சட்டி ஆண்டு முழுக்க மா கண்ட சட்டி. அவர்களே பாஸ்காவுக்கென்று வேறு பாத்திரம் வைத்திருப்பார்கள், அல்லது இருக்கிறதைச் சுத்திகரிப்பார்கள். "எங்கட கைச் சாப்பாட்டைத் தள்ளிவிட்டினம்" என்று மனம் நோகவேண்டாம். எங்கட தொழிற்சாலையில் கச்சான் ஓடின லைனில் கச்சானில்லாத பாண் ஓடமுதல் முழு இயந்திரத்தையும் கழற்றிக் கழுவுகிறோம். அதை ஒருத்தரும் அவமரியாதை என்று எடுப்பதில்லை. விரத நாளில் மச்சம் சமைத்த சட்டியை எங்கட அம்மம்மாமார் தொட்டார்களா?

ஆகவே எனது யோசனை இது. சமைத்துக்கொண்டு போகாதீர்கள். முழுப் பழங்கள் கொண்டுபோங்கள், வெட்டாமல். கைகொடுக்க விருப்பமானவர்கள் முன்கூட்டியே கேட்டு, அவர்கள் குசினியில், அவர்கள் பாத்திரத்தில், அவர்கள் தருகிற சாமானில் கிழங்கு துருவுங்கள். அந்தப் பாற்கறியையும் அங்கேயே ஒருக்கா வைத்துக் காட்டுங்கள். பிள்ளைகளையும் கட்டாயம் கூட்டிப்போங்கள். அந்த இரவில் வீட்டின் கடைசிப் பிள்ளைதான் "இந்த இரவு ஏன் வேறு?" என்று கேட்டுத் தொடக்கிவைக்கும்; பெரியவர்கள் தாங்கள் வந்த கதையைச் சொல்லவேண்டும். திரும்பி வரும்போது எங்கட பிள்ளைகளும் எங்களிடம் கேட்பார்கள். பதிலை ஆயத்தமாய் வைத்திருப்போம்.