நூறு பொம்மை, ஒரு படை

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'வேலைக்கு வெளியே நீங்கள் கற்றுக்கொண்ட ஒன்றைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசுங்கள்' என்று செயலாளர் கேட்டிருந்தார். எனக்கு முன்னால் பேசிய அண்ணன் மழைநீர் சேமிப்பு பற்றி அருமையாகப் பேசினார். நான் பேசப்போவது பொம்மைக்குப் பெயிண்ட் அடிப்பது பற்றி. தாராளமாகச் சிரிக்கலாம். நான் முதன்முதலில் சொன்னபோது என் அம்மாவே, "கொலுவுக்காடா?" என்றுதான் கேட்டார்.

இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். நமக்கு அது ராபின் ஹூட் ஊர். மேஜை மேல் போர் விளையாடுகிறவர்களுக்கோ அது தலைநகரம் மாதிரி. 'வார்ஹேமர்' என்ற விளையாட்டை வெளியிடும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் கம்பெனியின் தலைமையகம் அங்கே லென்டன் பகுதியில் இருக்கிறது. அதைச் சுற்றிச் சின்னச் சின்னதாக இன்னும் பல கம்பெனிகள். ஒரு காலத்தில் பொம்மைகளை ஈயக் கலவையில் வார்த்ததால், அந்தப் பக்கத்துக்கே 'ஈய வட்டாரம்' என்று ஒரு செல்லப் பெயர் உண்டு.

விளையாட்டு இதுதான். ஆறடிக்கு நாலடி மேஜை. அதன் மேல் குன்று, வேலி, வீடு. இரண்டு பக்கமும் இரண்டு படை. சதுரங்கம் போலக் கட்டம் கிடையாது. டேப் வைத்து அங்குலக் கணக்கில் படையை நகர்த்துவார்கள். பகடை உருட்டி யார் விழுந்தார்கள், யார் நின்றார்கள் என்று முடிவு செய்வார்கள். சிலர் வாட்டர்லூ, அஜின்கோர்ட் போன்ற சரித்திரப் போர்களை ஆடுவார்கள். சிலர் பூதம், டிராகன் எல்லாம் வருகிற கற்பனைப் போர்களை ஆடுவார்கள். பொம்மை வீரரின் உயரம் பெரும்பாலும் 28 மில்லிமீட்டர். கடையில் வாங்கும்போது வெறும் சாம்பல் நிறப் பிளாஸ்டிக், இல்லாவிட்டால் பளபளவென்று உலோகம். பெயிண்ட் நாம்தான் அடிக்க வேண்டும். ஒரு படைக்கு நூறு, நூற்றைம்பது பேர் ஆகும்.

ஏன் அடிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இந்த விளையாட்டின் மூதாதை பிரஷ்யாவில் பிறந்தது. 1812-ல் ரைஸ்விட்ஸ் என்பவர் அரசருக்கு ஒரு போர் மேஜை செய்து காட்டினார். அவர் மகன் 1824-ல் அதைத் திருத்தி, ராணுவ அதிகாரிகளின் பயிற்சிக்கு ஏற்றதாக ஆக்கினார். அதில் மனித உருவமே கிடையாது. வரைபடத்தின் மேல் சிவப்பும் நீலமுமாகச் சிறு கட்டைகள், அவ்வளவுதான். தந்திரம் படிக்க அது போதும். பொம்மை வீரர்களை வைத்து வீட்டில் விளையாடுவதற்கான விதிகளை எச்.ஜி. வெல்ஸ் 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்று புத்தகமாகவே எழுதினார். நிஜப் போரை விட இந்தச் சின்னப் போர் எவ்வளவோ மேல் என்று அதிலேயே வாதாடியும் இருக்கிறார். அடுத்த வருஷமே உலகப் போர் வந்துவிட்டது.

கட்டை கவிழ்ந்தால் ஒரு எண் குறைகிறது. நீங்களே முகம் தீட்டிய ஆள் கவிழ்ந்தால் கை ஒரு கணம் நிற்கிறது. பெயிண்ட் செய்கிற வேலை அதுதான் என்பது என் எண்ணம். விளையாட்டுக் கம்பெனிக்கும் இது தெரியும். வார்ஹேமர் 40,000-ன் 2020-ம் வருஷப் பதிப்பில், படை முழுவதும் பெயிண்ட் அடிக்கப்பட்டிருந்தால் 100-க்கு 10 மதிப்பெண் என்று விதியே போட்டார்கள். நம் லேப் ரெக்கார்டுக்கு மார்க் போடுவது மாதிரி!

ஆனால் பெரும்பாலான படைகள் முடிவதே இல்லை. வீட்டு அலமாரியில் முதல் ஐந்து வீரர்கள் மகாராஜாவாக ஜொலிப்பார்கள். அடுத்த பத்துப் பேருக்குப் பாதிச் சட்டை. மீதி எண்பத்தைந்து பேர் பெட்டியில் சாம்பல் நிறத்தில். ஏன்? முதல் வீரனுக்கு ஆறு மணி நேரம் செலவழித்திருப்பார்கள். 6 x 100 = 600 மணி. தினம் ஒரு மணி நேரம் கிடைத்தால்கூட ஒன்றரை வருஷத்துக்கு மேல். யாரால் முடியும்?

இங்கேதான் நம் இன்ஜினீயரிங் மூளை உதவிக்கு வருகிறது. முதல் கேள்வி: யார், எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கப் போகிறார்கள்? 28 மில்லிமீட்டர் வீரன் ஏறத்தாழ 60-ல் ஒரு பங்கு அளவு. மேஜையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்த்தால், நிஜ மனிதனை 60 மீட்டர் தூரத்தில் பார்ப்பதற்குச் சமம். நம் கல்லூரி மைதானத்தின் மறுகோடியில் நிற்கிறவரின் சட்டைப் பித்தான் தெரியுமா? கருவிழி தெரியுமா? தெரியாது. முகம் தெரியும், மார்பில் குறுக்கே போகிற வெள்ளை வார் தெரியும், கொடி தெரியும். அப்படியானால் நேரத்தை அங்கே செலவிடுங்கள். 6 மில்லிமீட்டர் பொம்மையும் உண்டு. அதற்குக் கணக்கு 300 மீட்டர். அங்கே முகம் தெரியாது, பட்டாளம் ஒரு நிறப் பட்டையாகத்தான் தெரியும்.

இரண்டாவது, வெளிச்சம். பொம்மையைச் சுருக்கலாம், அறையின் வெளிச்சத்தைச் சுருக்க முடியாது. சட்டை மடிப்பின் ஆழம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அதில் விழும் நிழல் கண்ணுக்கு எடுபடாது. அதனால் நிழலை நாமே தீட்டுகிறோம். நீர்த்த கரும்பழுப்பு மையைத் தடவினால் அது தானாக ஓடிப் பள்ளங்களில் தங்கும். காய்ந்தபின், பெயிண்டைத் துணியில் துடைத்துவிட்டு ஏறக்குறைய உலர்ந்த பிரஷ்ஷால் மேலாகத் தேய்த்தால் மேடுகள் மட்டும் வெளுக்கும். பள்ளம் கறுத்து, மேடு வெளுத்தால் கண் அதைத் துணி என்று நம்பிவிடுகிறது.

மூன்றாவது, லேத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்: வெட்டுகிற நேரத்தைவிட டூல் மாற்றுகிற நேரம்தான் ஆளைக் கொல்லும். ஒரு வீரனுக்குப் பன்னிரண்டு நிறம், 120 வீரர்கள். ஒவ்வொருவராக முடித்தால் 1,440 தடவை பிரஷ்ஷைக் கழுவிப் பெயிண்ட் மாற்ற வேண்டும். பன்னிரண்டு பன்னிரண்டு பேராக வரிசையில் நிறுத்தி, எல்லோருக்கும் நீலம், பிறகு எல்லோருக்கும் தோல் நிறம் என்று போனால் 120 தடவைதான். பன்னிரண்டாம் ஆளுக்கு வருவதற்குள் முதல் ஆள் காய்ந்தும் விடுவான். வரிசை என்ன? நாம் உடுத்துகிற வரிசைதான். முதலில் உடம்பு, பிறகு சட்டை, அதன் மேல் வார், கடைசியில் துப்பாக்கி. உள்ளிருந்து வெளியே வந்தால் தவறிப் பட்ட தீற்றல்களை அடுத்த நிறம் மூடிவிடும்.

நான்காவதுதான் முக்கியம். முதல் வீரனை மாதிரிக்காக முடித்தவுடன், அதை எப்படிச் செய்தோம் என்று ஒரு அட்டையில் எழுதி வைக்க வேண்டும். எந்த நிறம், எத்தனை பூச்சு, எங்கே நிறுத்த வேண்டும். அதிலும் எங்கே நிறுத்த வேண்டும் என்பது. கை பழகப் பழக, ஐம்பதாவது ஆளை இன்னும் நன்றாகச் செய்யலாமே என்று ஆசை வரும். செய்தால் அந்த ஐம்பதாவது ஆள் மட்டும் தனியாகத் தெரிவான், மற்ற நாற்பத்தொன்பது பேரும் மட்டமாகத் தெரிவார்கள். நூறு பொம்மை என்பது நூறு தனிப் படங்கள் அல்ல, ஒரே பொருள். அதனால்தான் காலடியில் இருக்கும் தட்டுக்கு எல்லோருக்கும் ஒரே மண், ஒரே புல் ஒட்டுகிறோம்.

கற்பனைப் படைக்கு இது இன்னும் அவசியம். பச்சைத் தோல் ஓர்க் அரக்கனுக்குச் சரித்திரப் புத்தகத்தில் சீருடை கிடையாது. எந்த நிறமும் அடிக்கலாம். எந்த நிறமும் அடித்தால் படை சந்தைக்கடையாகிவிடும். ஆகவே நாமே மூன்று நிறத்தைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு பிரிவிலும் அது எங்காவது வரும்படி விதி போட்டுக்கொள்ள வேண்டும். சரித்திரம் கொடுக்காத கட்டுப்பாட்டை நாமே கொடுத்துக்கொள்கிறோம்.

சரித்திரப் படைக்கு வேறொரு பொறுப்பு. வில்லியம் சைபோர்ன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, 1815-ல் நடந்த வாட்டர்லூ போரைப் பெரிய மாதிரி மேடையாகச் செய்தார். மாதக்கணக்கில் போர்க்களத்திலேயே தங்கி நிலத்தை அளந்தார். போரில் இருந்த அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி விவரம் கேட்டார். அரசாங்கம் நடுவில் பணத்தை நிறுத்தியும் விடாமல் முடித்து, 1838-ல் லண்டனில் காட்சிக்கு வைத்தார். 70,000-க்கும் மேற்பட்ட குட்டி வீரர்கள். ஆனால் அதில் பிரஷ்யப் படைக்கு அதிக இடம் கொடுத்துவிட்டார் என்று வெலிங்டன் பிரபு தரப்புக்கு வருத்தம். கடைசியில் சைபோர்ன் பிரஷ்ய வீரர்களில் பெரும் பகுதியை மேடையிலிருந்து எடுத்துவிட்டார். அந்த மேடை இன்று லண்டனில் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பத்து மில்லிமீட்டர் பொம்மைதானே என்று நினைக்கிறோம். அதை எங்கே வைப்பது என்பதில் ஒரு தேசத்தின் கௌரவமே வந்து நின்றது.

இதை எனக்குச் சொன்னவர் எங்கள் விளையாட்டுக் கிளப்பில் இருந்த ஒரு பெரியவர். ஓய்வுபெற்ற டிராஃப்ட்ஸ்மேன். அங்கே எல்லோரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். எனக்கு வாய் வராது, சார் என்பேன். அவர் சேர்த்ததெல்லாம் பிரஷ்யப் படை. "சைபோர்ன் எடுத்துப்போட்டவர்களை ஒவ்வொருவராகத் திரும்ப வைக்கிறேன்" என்பார். கடைசியாக அவர் எடுத்தது சைலீசிய லாண்ட்வேர். லாண்ட்வேர் என்றால் 1813-ல் திரட்டிய குடிமக்கள் படை. விவசாயிகள், கடைக்காரர்கள் கையில் துப்பாக்கி கொடுத்தது. கருநீலக் கோட்டு, மஞ்சள் காலர், தொப்பியில் வெள்ளைச் சிலுவை. வாட்டர்லூ அன்று பிளான்ஸ்னுவா கிராமத்துக்குள் புகுந்தவர்களில் அவர்கள் உண்டு.

36 பேர் கொண்ட பட்டாளம். 14 பேர் முடிந்திருந்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் அவர் காலமாகிவிட்டார். அவர் மனைவி ஒரு செருப்புப் பெட்டியைக் கிளப்புக்குக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே முடிந்த 14 பேர், முடியாத 22 பேர், ஒரு அட்டை. டிராஃப்ட்ஸ்மேன் கையெழுத்தில், அச்சடித்த மாதிரி. மஞ்சளை நேரே கறுப்பின் மேல் போடாதே, மூடாது. முதலில் பழுப்பு, பிறகு மஞ்சள் நீர்த்து இரண்டு பூச்சு. கண் வேண்டாம். பித்தான் ஒரு புள்ளி, அதற்கு மேல் வேண்டாம்.

நாங்கள் நாலு பேர் பங்கு போட்டுக்கொண்டோம். எனக்கு ஆறு பேர். நாலு பேருக்கும் நாலு கை. ஒருவர் போட்டியில் பரிசு வாங்கியவர், கண்ணுக்குள் ஒளிப்புள்ளிகூட வைப்பார். அவரும் அந்த அட்டை சொன்ன இடத்தில் நிறுத்தினார். அதுதான் அவருக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்திருக்கும். ஒரு மாதத்தில் 36 பேரும் மேஜையில் நின்றார்கள். அந்த அம்மா வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இதில் அவர் செய்தது எது?" என்று கேட்டார். எங்களுக்கே சட்டென்று சொல்லத் தெரியவில்லை. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தோம். பெரியவர் தம்முடைய வீரர்களின் தட்டுக்கு அடியில் பென்சிலால் தேதி எழுதியிருப்பார். தேதி இருந்த 14 பேரையும் அந்த அம்மா எடுத்து ஒருமுறை வரிசையாக வைத்துப் பார்த்தார். பிறகு அவராகவே திரும்ப மற்றவர்களோடு கலந்து வைத்துவிட்டார்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு இப்போது ஃபைனல் இயர் புராஜெக்ட் நடந்துகொண்டிருக்கும். உபதேசம் செய்ய நான் வரவில்லை. ஒரே ஒரு வார்த்தை. எவ்வளவு நன்றாகச் செய்ய வேண்டும் என்பதை வேலை தொடங்கும்போதே முடிவு செய்யுங்கள், அடுத்தவர் படித்தால் புரியும்படி எழுதி வையுங்கள். அது மட்டமான வேலைக்குச் சாக்கு அல்ல. அந்தப் பெரியவரின் 14 பேரில் ஒருவருக்குக்கூடக் காலர் கோணலாக இல்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர்தான் கடைசி ஆள் வரை ஒழுங்காகச் செய்ய முடியும். நாம் இல்லாதபோது நம் வேலையை இன்னொருவர் தொடரவும் அது ஒன்றுதான் வழி.

மதிய உணவு இடைவேளையில், நூலக வாசலில் போட்டிருக்கும் மேஜையில் என் படை நிற்கிறது. எல்லோரும் வந்து பாருங்கள். முதலில் ஒரு மீட்டர் தள்ளி நின்று, 60 மீட்டர் தூரத்தில் ஒரு பட்டாளம் வருகிறது என்று நினைத்துப் பாருங்கள். அப்புறம் கையில் எடுத்துப் பார்க்கலாம். கண் எங்கே, பித்தான் எங்கே என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது!