பேச்சுப் போட்டியும் மாணவர் மனப்பயிற்சியும்

(அம்மாபேட்டையில் நம் சங்கத்தார் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உயர்நிலைப் பள்ளியிற் பயிலும் நம் சிறார்க்குப் பேச்சுப் போட்டியும் சொற்போரும் யாது பயன் விளைக்கும் என்பது குறித்துச் சில கூற விழைகின்றோம். “பேச்சு சோறு போடுமா?” என்று வினவுவார் நம்மிடையே உளர். அவ்வினா இகழத்தக்கதன்று. தறி ஓடினால்தான் அடுப்பெரியும் இல்லங்களிலிருந்து வருவோரல்லரோ நம் பிள்ளைகள்!

நம் முன்னோர் நாவன்மையைப் பொழுதுபோக்காக எண்ணினாரல்லர். திருவள்ளுவர் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என மூன்று அதிகாரங்கள் வகுத்தார். 1847-ஆம் ஆண்டின் இறுதி நாளன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தொடங்கிய பிரசங்கங்கள் தமிழ் மேடைக்குப் புதுவழி காட்டின. சேலத்துக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் பின்னர் உலகறிந்த சொற்பொழிவாளராயினார். காஞ்சிபுரத்து நெசவாளர் குடியிற் பிறந்த அண்ணாதுரையார் 1967-இல் முதலமைச்சரானதற்கு அவர்தம் நாவன்மையும் தலையாய காரணமாகும்.

எல்லோரும் அவரைப்போல் ஆதல் வேண்டுமென்பது எம் கருத்தன்று. கூலி கேட்கவும், கூட்டுறவுச் சங்கக் கூட்டத்தில் கணக்குக் கேட்கவும், அலுவலகத்தில் தன் குறையை முறையாக எடுத்துரைக்கவும் நா வேண்டும். நாவடங்கியவன் நட்டமடைவதை நாம் நாள்தோறும் காண்கின்றோம்.

சொற்போரின் சிறப்பு யாதெனின், மறுபக்கத்தை அறியச் செய்வதாம். “கைத்தறி சிறந்ததா, விசைத்தறி சிறந்ததா?” என்னும் பொருளில் கைத்தறியாளர் மகன் விசைத்தறிக்காக வாதிட நேரின், முதற்கண் அவன் சினம் தணிகின்றது, அடுத்து எதிரியின் நியாயம் விளங்குகின்றது, பின்னர்த் தன் பக்கத்துக் குறையும் புலனாகின்றது. மறுத்துரைக்க வேண்டுமாயின் செவிசாய்த்துக் கேட்டல் வேண்டும். ஆதலின் சொற்போர் நாவினும் செவியையே மிகுதியும் பழக்குகின்றது.

இனி ஒரு குறையைச் சொல்லாதிருத்தல் இயலாது. ஆசிரியரோ தந்தையோ எழுதிக்கொடுத்ததைப் பிள்ளை உருப்போட்டு ஒப்பித்தல் பல மேடைகளில் வழக்கமாயிற்று. அங்குப் பரிசு பெறுவது எழுதினவர் கல்வியேயாம். கற்ற தந்தையுடைய பிள்ளைக்கு நல்லுரை கிட்டும். தறிக்குழியிலிருப்பவர் பிள்ளைக்கு எழுதித்தருவார் யாவர்? தமிழ் வளர்ச்சித்துறையார் தலைவர்கள் பிறந்தநாளையொட்டி மாவட்டந்தோறும் நடத்தும் போட்டிகளில் ரூ.5000, ரூ.3000, ரூ.2000 எனப் பரிசளிப்பதோடு, அரசுப்பள்ளி மாணவர் இருவர்க்குத் தனிப்பரிசும் வைத்துள்ளனர். எளியோர் பிள்ளைகளை நினைந்து செய்த ஏற்பாடு அது.

நம் சங்கமும் ஒன்று செய்யலாம். ஆண்டு விழாப் போட்டியில் தலைப்பை அரைமணி நேரத்திற்கு முன்னரே அறிவிப்போம். பேசி முடித்ததும் நடுவர் இரண்டு வினாக்கள் விடுக்கட்டும்; மதிப்பெண்ணிற் பாதியை மறுமொழிக்கு வைப்போம். மனப்பாடம் பாவு போன்றது, மறுமொழியே ஊடை. பாவு மட்டும் துணியாகாது என்பதை உங்கட்கு யாம் சொல்லவேண்டுவதில்லை.

பெற்றோர்க்கு இரண்டு விண்ணப்பங்கள். பெண்மக்கள் மேடையேறுதலைத் தடுக்காதீர்கள். தோற்றுவந்த பிள்ளையைக் கடிந்துகொள்ளாது, “எதிரி என்ன சொன்னான்?” என்று கேளுங்கள். அவன் அதனைப் பிழையின்றி எடுத்துரைப்பானாயின், பரிசின்றி வந்தானேனும் பயனோடு வந்தானென்று கொள்ளுங்கள்.