வாடிய கொடிக்கு மருந்து அடிக்கும் முன்

(மாதாந்திரக் குடும்ப நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



சுரைக்காய் நபி (ஸல்) அவர்கள் விரும்பி உண்ட காய் என்பது நம் பிள்ளைகளுக்கும் தெரியும். பீளமேட்டில் இப்போது பல மொட்டை மாடிகளில் சுரையோ பீர்க்கையோ சாக்குப் பையிலிருந்து ஏறி நிற்கிறது. போன மாதம் மூன்று சகோதரிகள் சொன்ன புகார் ஒன்றுதான்: "நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சுங்க, காலைல பாத்தா தொங்கிப் போச்சு."

உடனே மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். நானும் ஓடியவன்தான். கடையில் கொடுத்ததை அடித்தேன். கொடி பிழைக்கவில்லை. மறுநாள் அதே கொடியின் பிஞ்சைப் பேரன் கடித்துக்கொண்டு நின்றான். அல்லாஹ் காப்பாற்றினான்.

மத்தியானம் வாடி மாலையில் நிமிர்ந்தால் அது வெயில், விட்டுவிடுங்கள். விடியற்காலையிலும் தொங்கினால் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். சொதசொதவென்று இருந்தால் வேர் அழுகுகிறது. தண்ணீரை நிறுத்தி, பையின் அடியில் ஓட்டை போடுங்கள். ஈரம் அளவாக இருந்தும் வாடினால் தண்டை அடியில் கீறுங்கள். உள்ளே பழுப்பாக இருந்தால் வாடல் நோய். அந்தக் கொடி பிழைக்காது. பூஞ்சாணம் மண்ணிலேயே தங்கிவிடும் என்பதால் வேரோடு அகற்றிவிட்டு, அந்தப் பையில் கீரை போடுங்கள். வேரில் முடிச்சுகள் இருந்தால் நூற்புழு, செண்டுமல்லி வைக்கலாம். அடுத்த விதைப்புக்கு டிரைக்கோடெர்மா விரிடியைத் தொழுவுரத்தில் கலந்து இடுங்கள். அதைப் பற்றி லாலி ரோட்டில் உள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் கேட்கலாம்.

சிவப்பு வண்டு இலையைச் சல்லடையாக்குவதோடு நிற்பதில்லை. ஈர மண்ணில் அது இடும் முட்டையிலிருந்து வரும் புழு வேரைத் தின்னும். அதனாலும் கொடி வாடும். ஃபஜ்ர் தொழுதுவிட்டு மாடிக்குப் போனால் வண்டு மந்தமாக இருக்கும். கையால் பிடித்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

பிஞ்சு வெம்பி விழுந்தால் பழ ஈ. அழுகிய காயை உரக்குழியில் போடாதீர்கள். உள்ளிருக்கும் புழு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாக வரும். பாலித்தீன் பையில் கட்டி வெயிலில் வையுங்கள். பிஞ்சுக்குக் காகித உறை போட்டால் ஈ முட்டையிட முடியாது.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: கந்தகத் தூளைச் சுரை, பூசணி இனத்தில் தூவக்கூடாது, இலை கருகிவிடும். வேறு செடிக்கு வாங்கியது மிச்சம் இருக்கிறதே என்று தூவுகிறவர்கள் நம்மில் உண்டு.

வாடிய கொடி வீட்டில் இருந்தால் வேரோடு அடுத்த மாதம் கொண்டு வாருங்கள், இங்கேயே கீறிப் பார்த்துவிடலாம்.